சம்பந்தி கொடுத்த சைக்கிளில் பழுதில்லை

மீன்காரர் வாயால்தான் சேதி வந்து சேர்ந்தது. சுங்கை செம்பிலாங்கிலிருந்து மோட்டாரில் பெட்டி கட்டிக்கொண்டு தினமும் எங்கள் தோட்டத்து லயத்துக்கு வருகிற மலாய்க்காரர் அவர். ஹாரன் சத்தம் கேட்டு நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். அரைக் கிலோ கெம்போங் மீனைத் தட்டில் போட்ட பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "மாக்சிக், ஜெரத்து ஃபிட்டர் நேற்றுப் பொழுது சாய இறந்துபோனாரே, நீங்கள் இன்னும் கிளம்பவில்லையா?" என்று மலாயில் கேட்டார்.

எந்த ஃபிட்டர் என்று கேட்டேன். ஜெரம் ஊரில் ஃபிட்டர் என்றால் ஒருவர்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் கேட்டேன்.

"பெரியண்ணன். உங்கள் மருமகளுடைய அப்பா."

முந்தின நாளே தோட்ட ஆபீசுக்கு டெலிபோன் வந்திருக்கிறது. எடுத்தவர், விடியட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாராம். பெற்ற மகளுக்குத் தெரிவதற்கு முன்னால் மீன் விற்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஆபீஸ்காரரை நான் மறக்கப் போவதில்லை.

மல்லிகா அடுப்படியில் பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் மீன் தட்டோடு வாசற்படியில் நின்றேன். அவளை எவ்வளவோ பேசியிருக்கிறேன். எதற்கும் நாக்கு அப்படித் தடுமாறியதில்லை. "என்ன அத்தை, மீன் கெட்டுப் போயிருக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். பிறகு இல்லை என்று ஆட்டினேன். என் மகன் கதிரேசன் உள்ளிருந்து வந்து என் முகத்தைப் பார்த்து, என்னைக் கேட்டு, அவன்தான் அவளிடம் சொன்னான்.

நான் நாலாம் வகுப்பு வரைக்கும் தோட்டப் பள்ளியில் படித்தவள். அதன் பிறகு ரப்பர் பால் வெட்டப் பால்மரத்துக்குப் போனேன். எழுதிப் பழக்கமில்லை. இந்தக் கட்டுரை சம்பந்தியின் பதினாறாம் நாளுக்கு வருகிறவர்களுக்காக எழுதுவது. பிழைகளைக் கதிரேசன் திருத்தினான். சொன்னதை மாற்ற நான் விடவில்லை.

ஃபிட்டர் பெரியண்ணன் அவர்கள் பக்கத்துத் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருஷத்துக்குக் கிட்ட வேலை பார்த்தவர். ஒல்லியான உடம்பு, எண்ணெய் ஏறிய நகம், எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்த தலை. ஓடுகிற இயந்திரத்தின் மேல் நீளமான திருப்புளியை ஊன்றி, அதன் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவாராம். ஆலைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "சத்தம் பொய் சொல்லாது. சத்தம் வர்ற இடந்தான் பொய் சொல்லும்." முதலில் கேட்டபோது இது என்ன கோணல் பேச்சு என்று நினைத்தேன்.

மனைவி போன பிறகு ஒரே மகளைத் தனியாளாக வளர்த்தவர். மறு கல்யாணம் செய்யவில்லை. பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணுக்கு என்னென்ன சமைக்கத் தெரியும் என்று கேட்டேன். "ரசம் வைப்பா. குழம்பு சுமார். தண்ணி பம்பு நின்னு போனா ஓட வச்சிருவா" என்றார். அவர் சிரிக்கவில்லை. அது கேலியா உண்மையா என்று எனக்குப் பிடிபடவில்லை. வரும் வழியெல்லாம் கதிரேசனிடம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

பிறகு மாப்பிள்ளை வீடு பார்க்க அவர் எங்கள் லயத்துக்கு வந்தார். நான் கலக்கிக் கொடுத்த காப்பியைப் பாதி குடித்தார். குடித்துவிட்டு எழுந்துபோய் என் வீட்டு வாசற்கதவை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து, கீலில் எண்ணெய் விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்த வீட்டுக் கதவில் குறை கண்டுபிடிக்கிற சம்பந்தியா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவு அன்றிலிருந்து சத்தம் போடவில்லை என்பது வேறு பேச்சு. அந்த எண்ணெயை நான் மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

எண்பத்தாறில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு மோட்டார் வரும் என்று லயத்தில் எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். வந்தது சைக்கிள்.

அதுவும் எப்படிப்பட்ட சைக்கிள்! டயர் ஒவ்வொன்றும் மலைப்பாம்பு மாதிரி. மட்கார்டு இல்லை. கேரியர் இல்லை. ஸ்டாண்ட் இல்லை. மணி இல்லை. கைப்பிடி நேராக உலக்கை மாதிரி இருந்தது. மலையில் ஓட்டுகிற சைக்கிள் என்றார்கள். கோலசிலாங்கூரில் ஏது மலை? ஆலையில் கொஞ்ச காலம் வேலை பார்த்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது சம்பந்தி கேட்டு வாங்கியதாம். ஆக, பழசு வேறு.

எனக்குப் பக்கத்து வீட்டு ராசம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சொன்னாள்: "பாதி செஞ்சு முடிக்கிறதுக்குள்ள கல்யாண நாள் வந்திருச்சு போலக்கா. மீதிய தலைதீபாவளிக்குக் குடுப்பாரு."

சம்பந்தி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதிரேசனைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சைக்கிள் சட்டத்தில் குழாயும் குழாயும் சேருகிற இடத்தைக் காட்டினார். "மாப்ள, இந்தப் பத்தவச்ச இடத்தைப் பாருங்க. எறும்பு வரிசை மாதிரி இருக்கு லா. என் சர்வீஸ்ல என் கையால இப்படி ஒரு வரி போட்டதில்ல. போட முடியாது." ஒரு மனுஷன் தன்னைவிடக் கெட்டிக்காரனின் வேலையைச் சொல்லி அப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. தான் கண்டதிலேயே நல்ல பொருளைத்தான் மருமகனுக்குக் கொடுத்தார். இது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் ஸ்டாண்ட் இல்லாதது மட்டும்தான்.

கதிரேசன் ரவாங்கில் ஒரு ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தான். ஃபேக்டரி பஸ் முச்சந்திக்குத்தான் வரும். லயத்திலிருந்து அங்கே போக மூன்று மைல் செம்மண் சடக்கு, நடுவில் ஒரு மேடு. காலையில் அவன் சைக்கிளில் போவான். ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் எனக்கு. என் ஆடுகளுக்குப் புல் அறுத்துக் கட்ட வேண்டும். கேரியர் இல்லாமல் புல் மூட்டையைத் தலையிலா வைத்து ஓட்டுவது? அதனால் டவுனிலிருந்து கனமான இரும்புக் கேரியரும் நடு ஸ்டாண்டும் வாங்கி வரச் சொல்லி, கதிரேசனைப் பூட்டச் சொன்னேன். "அம்மா, இந்த சைக்கிளுக்கு அதெல்லாம் இல்லம்மா" என்றான். "சைக்கிள்னா அதெல்லாம் உண்டுடா" என்றேன். பால்வாளி, விறகு, புல்லு, பிள்ளைகுட்டி எதுவும் ஏற்றாத சைக்கிளை நாங்கள் தோட்டத்தில் கண்டதில்லை.

இனி எழுதுவதைச் சம்பந்தி இருந்தவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஸ்டாண்ட் பெடலுக்குப் பின்னால், சக்கரத்துக்குப் போகிற இரண்டு குழாய்களையும் கீழும் மேலும் தகடு வைத்துக் கவ்விப் பிடிக்கிற ஸ்டாண்ட். புல் மூட்டையை ஏற்றினால் வழுக்கித் திரும்பிக்கொள்ளும். சைக்கிள் மூட்டையோடு சாயும். மூன்று தரம் சாய்ந்தது. நாலாவது தரம் எனக்குக் கோபம் வந்தது. ஸ்பானரை எடுத்து, அதன் முனையில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நீளமாக்கிக்கொண்டு, காலைச் சுவரில் ஊன்றி இழுத்தேன். முப்பது வருஷம் பால் வெட்டின கை இது. "நறுக்"கென்று ஒரு சத்தம் வந்தது. இப்போதுதான் நன்றாகப் பிடித்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஸ்டாண்ட் அசையவே இல்லை. எனக்கு ஒரே பெருமை.

இரண்டு மூன்று வாரம் கழித்துப் பின்சக்கரம் சத்தம் போட ஆரம்பித்தது. "சர்... சர்..." என்று பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிற சத்தம். ஆனால் அது ஒரு கள்ளச் சத்தம். சைக்கிளைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினால் வராது. சும்மா தள்ளிக்கொண்டு போனால் வராது. மேட்டில் ஏறி அழுத்தி மிதித்தால் வரும். இறங்கிப் பார்த்தால் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருக்கும். கதிரேசன் பிரேக்கைத் தளர்த்தினான். சத்தம் நின்றது, பிரேக்கும் நின்றது. இறுக்கினான், மறுபடியும் சத்தம் வந்தது. ஒரு நாள் விடியற்காலை மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது சக்கரம் கட்டையில் சிக்கி நின்று, ஆள் கீழே விழுந்தான். முன்பல் பாதி போயிற்று. வாயெல்லாம் ரத்தத்தோடு வந்து நின்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கண் தெரியவில்லை. மல்லிகா அப்போது ஐந்து மாசம். "உங்கப்பன் குடுத்த ஓட்ட சைக்கிள் எம் மகன் உயிரக் குடிக்கப் பாத்துச்சு" என்றேன். அவளும் சும்மா இருக்கவில்லை. "அப்பா நல்ல சைக்கிள்தான் குடுத்தாரு அத்தை. அதுல கண்டதையும் மாட்டினது யாரு?" என்றாள். எதிர்த்துப் பேசிய வாய்க்கு நான் கொடுத்த தண்டனை பெரிது. அவள் துணியைப் பையில் போட்டுக் கதிரேசன் கையில் கொடுத்து, "கொண்டுபோய் அப்பன் வீட்டுல விடு. சைக்கிள் எப்ப ஒழுங்கா ஓடுதோ அப்ப அவ வரட்டும்" என்றேன். என் மகன் என் பேச்சைத் தட்ட மாட்டான். அன்றைக்காவது தட்டியிருக்கலாம்.

சைக்கிளுக்கும் பெண்ணுக்கும் என்ன முடிச்சு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஏழாம் மாசம் வளைகாப்பு. புருஷன் வீட்டில் வளையல் அடுக்கி, அதற்குப் பிறகுதான் தாய்வீட்டுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். அதற்குள் அவள் திரும்பி வராவிட்டால் ஊர் ஒரு முடிவு கட்டிவிடும். தள்ளி வைத்த பெண் என்ற பேர் நிலைத்துவிடும். அவளுக்கு வளையல் போட அங்கே தாயும் இல்லை. சம்பந்திக்கு அது தெரியும். எனக்கும் தெரியும்.

அவர் சண்டைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலை வீட்டிலிருந்து நாலு மைல் நடந்து, கருவிப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். வாசலுக்கு வெளியிலேயே நின்றார். "சம்பந்தியம்மா, சைக்கிளக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றார். "பாருங்க, உங்க சைக்கிள்தானே" என்றேன்.

முதல் ஞாயிறு சக்கரத்தைப் பார்த்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ரிம்முக்குப் பக்கத்தில் தீக்குச்சியைப் பிடித்துக்கொண்டு சுற்றிவிட்டார். ரிம் தீக்குச்சியைத் தொடவும் இல்லை, விலகவும் இல்லை. ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிச் சத்தம் கேட்டார். எல்லாம் சரி. மாப்பிள்ளையை ஏறி மேட்டுக்கு ஓட்டச் சொன்னார். சர் சர் என்றது. இறங்கச் சொன்னார். ஒன்றும் இல்லை. தலையைச் சொறிந்தார். "என்ன மாப்ள, இது என்னையவே ஏமாத்துது?" என்றார்.

இரண்டாம் ஞாயிறு சக்கரத்தைக் கழற்றி, நடு அச்சைப் பிரித்து, குண்டுகளை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் வைத்துப் பூட்டினார். அச்சில் ஆட்டம் இல்லை. நட்டுகள் இறுக்கம். ஓட்டிப் பார்த்தால் அதே சத்தம். ராசம்மா வேலியில் சாய்ந்துகொண்டு, "ஆலையையே ஓட்டுற ஃபிட்டரு, ஒரு சைக்கிள ஓட்ட முடியலையே லா" என்றாள். லயமே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் முகம் வாடிப்போய் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். எதிலும் குறையைக் கண்டுபிடிக்கிற மனுஷர் அப்படிக் குழம்பி நின்றது அதுதான் முதல் தடவை என்று மல்லிகா பின்னால் சொன்னாள். வீட்டுக்குப் போயும் சாப்பிடவில்லையாம்.

மூன்றாம் ஞாயிறு ரிம்மின் இரண்டு பக்கமும் சாக்கட்டி பூசினார். என்னைப் பார்த்து, "சம்பந்தியம்மா, நீங்க கேரியர்ல கொஞ்சம் உக்காரணுமே" என்றார்.

"நானா? எதுக்கு?"

"பாரம் வேணும். மாப்ள மட்டும் மிதிச்சா லேசா உரசுது. பாரம் இருந்தா நல்லாக் காட்டிக் குடுக்கும்."

"ஏறுக்கா, மகனோட ஊர்கோலம் போ!" என்று ராசம்மா கத்தினாள். பிள்ளைகள் ஓடி வந்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். கதிரேசன் மிதித்தான். சம்பந்தி சைக்கிளோடு கூடவே குனிந்தபடி ஓடி வந்தார். அம்பத்து நாலு வயசில், காதைப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேடு முழுக்க ஓடினார். "வலது கால அழுத்துங்க மாப்ள... இப்ப இடது... மறுபடி வலது..." என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டே வந்தார். மேட்டு உச்சியில் நிறுத்திப் பார்த்தால் சாக்கட்டி ஒரு பக்கம் மட்டும்தான் அழிந்திருந்தது. வலது காலை அழுத்தும்போது மட்டும் உரசியிருக்கிறது.

அவர் சடக்கிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "சக்கரம் நகரல. சட்டம் நகருது" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. இரும்புச் சட்டம் எப்படி நகரும்? அவர் தன் கையையே காட்டி விளக்கினார். முழங்கையில் அடிபட்டால் விரல் நடுங்குமாம். விரலுக்கு மருந்து போட்டு என்ன பிரயோசனம்? பிரேக்கில் சத்தம் வருகிறது என்று நாம் பிரேக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்றார். அவருடைய கோணல் வார்த்தை அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது.

லயத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரைக் கழற்றினார். பிறகு ஸ்டாண்டுக்கு வந்தார். நட்டு திரும்பவில்லை. ஸ்பானரை மேலும் கீழும் மாற்றி மாட்டி, பல்லைக் கடித்துத் திருப்பினார். நட்டின் முனைகள் மழுங்கிப் போயிருந்தன. ஒரு நிமிஷம் அதையே பார்த்தார். "இத யாரு முறுக்கினது?" என்று கேட்டார்.

கதிரேசனுக்குத் தெரியாது. தெரிந்த ஒருத்தி நான். நான் கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டேன்.

ஸ்டாண்ட் வந்துவிட்டது. மண்ணெண்ணெய்த் துணியால் குழாய்களை நனைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்தார். "திருநீறு இருக்கா சம்பந்தியம்மா?" என்றார். கடைசியில் மந்திரிக்கத் தொடங்கிவிட்டார் என்றே நினைத்தேன். லயத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரு கிழவர் கைகூட எடுத்துக் கும்பிட்டார். சாமித் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் திருநீற்றைக் குழாய் மேல் மெல்லிசாகத் தூவி ஊதிவிட்டு, கதிரேசனை ஏறி வலது பெடலை நின்ற இடத்திலேயே அழுத்தச் சொன்னார். வெள்ளைத் திருநீற்றில் ஒரு கறுத்த கோடு மெதுவாக எழுந்தது. முடி அளவுக்கு. விரிசலுக்குள் போயிருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து காட்டிக் கொடுத்தது.

நான் பக்கத்தில் இருந்தேன். கோடு எங்கே இருந்தது என்பதைப் பார்த்தேன். ஸ்டாண்டின் தகடு கவ்வியிருந்த இடத்தில், இரண்டு குழாயும் விரலால் அமுக்கின பப்பாளி மாதிரி உள்வாங்கியிருந்தன. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் விரிசல். அந்த "நறுக்" சத்தம் எனக்கு மறுபடி கேட்டது.

"என்ன மாமா?" என்று கதிரேசன் குனிந்தான். சம்பந்தி பள்ளத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். கோடு மட்டும் வெளியே தெரிந்தது. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"சட்டத்துல வெடிப்பு. பழைய சாமான நல்லாப் பாக்காம வாங்கிட்டேன். எம் பிழைதான். சம்பந்தியம்மா மன்னிக்கணும்."

லயம் முழுக்கக் கேட்டது. ராசம்மா, "அதான பாத்தேன்" என்றாள். நான் வாய் திறந்திருக்க வேண்டியது அந்த நேரத்தில். திறக்கவில்லை. "பரவால்ல, சரி பண்ணிக் குடுங்க" என்றேன். பெரிய மனசு பண்ணி மன்னித்தவள் மாதிரி.

அவர் சைக்கிளில் ஏறாமல் ஆலை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார். விரிசல் விட்ட இடத்தில் உள்ளே ஒரு துண்டுக் குழாய் செருகிப் பற்றவைத்து, ராவி, பெயின்ட் அடித்து, எட்டாம் நாள் கொண்டுவந்தார். கூடவே மல்லிகாவையும் கூட்டிவந்தார். கதிரேசன் மேட்டில் எழுந்து நின்று மிதித்தான். சத்தமே இல்லை. ஏழாம் மாசம் அவளுக்கு எங்கள் வாசலில்தான் வளையல் போட்டோம். அந்தச் சைக்கிள் இன்று வரை ஓடுகிறது. ஸ்டாண்டை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. பெட்டிக்குள் போட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன். ஏன் கொண்டுபோனார் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் பேர் ஓடிவிட்டது. "ஓட்ட சைக்கிள் ஃபிட்டர்" என்று எங்கள் லயத்தில் ஆரம்பித்தது ஆலை வரைக்கும் போயிற்று. அவர் கையால் ஒரு மோசமான பொருள் ஆலையை விட்டு வெளியே போனதில்லை என்கிறார்கள். அவரைப் பார்த்து இளவட்டங்கள், "ண்ணே, இந்த வெல்டிங்கு தாங்குமா, இல்ல மாப்பிள்ள சைக்கிள் மாதிரியா?" என்று கேட்பார்களாம். அவர் சிரித்துவிட்டுப் போவாராம். அடுத்த வருஷம் வேலை முடிந்து ஜெரத்துக்குக் குடிபோனார். பேத்தியைப் பார்க்க வருவார். என்னிடம் மழையைப் பற்றிப் பேசுவார், ஆட்டைப் பற்றிப் பேசுவார். சைக்கிளைப் பற்றிப் பேசியதே இல்லை. நானும் பேசவில்லை. அவருக்கு எதிரில் உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் வரும். யார் மேல் கோபம் என்று அப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அவர் தெரிந்துதான் மூடினாரா? மழுங்கின நட்டைப் பார்த்தவர், முந்தானைக்குள் போன கையையும் பார்த்தாரா? இல்லை, ஸ்டாண்டைப் பூட்டிய மாப்பிள்ளையைக் காப்பாற்ற நினைத்தாரா? அல்லது நிஜமாகவே தன் பிழை என்றுதான் நம்பினாரா? திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி தோன்றுகிறது. சொல்லக்கூடியவர் போய்விட்டார்.

அவரை அடக்கம் செய்துவிட்டு ஜெரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது மல்லிகாவிடம் சொன்னேன். ஸ்பானர், குழாய், நறுக் சத்தம், எல்லாம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளா, என்னைச் சபிக்கிறாளா என்று தெரியாமல் நான் அவள் பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோலசிலாங்கூர் பாலம் தாண்டிய பிறகு சொன்னாள்:

"எங்கிட்ட எதுக்கு அத்தை சொல்றீங்க? நான் எங்கப்பாவ எப்பவும் தப்பா நெனச்சதில்ல. அன்னிக்கு வாசல்ல நின்னு சிரிச்சாங்களே, அவங்ககிட்ட சொல்லுங்க."

அதனால்தான் எழுதுகிறேன். ராசம்மா, உனக்குப் படிக்கத் தெரியாது. மகளைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள். ஆலைத் தம்பிகளே, நீங்களும் கேளுங்கள். ஃபிட்டர் பெரியண்ணன் அவர்கள் தன் மருமகனுக்குக் கொடுத்த சைக்கிளில் பழுதில்லை. அதை நசுக்கி உடைத்தவள் நான். உடைத்ததை ஒட்டியவர் அவர். இனி யாராவது அந்தப் பேரை என் காதுபடச் சொன்னால் அவர்களை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். என் மறதி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் வரிசையில் சொல்லாமல் விட்டுவிட்டேன். மகளையும் சைக்கிளையும் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு நல்ல உச்சி வெயில். மல்லிகாவின் பையை வாசலில் வைத்தார். "வரேன் சம்பந்தியம்மா" என்றார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சைக்கிளை விட்டுவிட்டதால் திரும்பவும் நாலு மைல் நடக்க வேண்டும். தோளில் கருவிப் பெட்டி, தலையில் துண்டு. செம்பனை வரிசைக்கு நடுவில் செம்மண் சடக்கில் சின்னதாகிச் சின்னதாகிப் போனார். ஒரு தரம் நின்று பெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டார். திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்த்தால் கூப்பிடலாம் என்று இருந்தேன். அவர் பார்க்கவில்லை. நான் கூப்பிடவில்லை.

சம்பந்தி, வெயிலாக இருக்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்.